திருகைத் தொடாதே

அண்ணா,

நான் பஸ்ஸில் போகிறேன். கார் சாவி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. அடுப்பு மேல் சாப்பாடு. கோபத்தில் பட்டினி கிடக்காதே.

நேற்று கார் புகைச் சோதனையில் தேறவில்லை என்றதும், "எல்லாம் நீ ஓட்டுற லட்சணம்"னு கத்தினாயே, எனக்குத் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் பானெட்டைத் திறந்தேன். நான் இறுக்கி வைத்த கார்புரேட்டர் திருகு மறுபடி தளர்ந்திருந்தது. அப்போதுதான் புரிந்தது. சிக்னலில் நின்றுவிடக் கூடாதென்று நீ திருகைத் தளர்த்திப் பெட்ரோலைக் கூட்டுகிறாய். நாற்றம் தாங்காமல் நான் குறைக்கிறேன். வாயைத் திறந்து சொல்வது மட்டும் கிடையாது. கார் என்னதான் செய்யும், பாவம்!

கோளாறு திருகில் இல்லவே இல்லை. பக்கத்து ரப்பர் குழாயில் விரிசல், உஸ்ஸென்று காற்றை இழுக்கிறது. விரலால் அடைத்தேன், இஞ்சின் நடுக்கம் சட்டென்று நின்றது. பத்து மணிக்கு மெக்கானிக் புதுக் குழாயோடு வருவார். பக்கத்தில் நின்று யோசனை சொல்லாதே.

ஸ்க்ரூடிரைவர் என் பையில் இருக்கிறது. தேடாதே.

பி.கு: "யாரு இதைத் திருகினது?"ன்னு மெக்கானிக் கேட்டால் அப்பா என்று சொல்லிவிடு. அவர்தான் ஊரில் இல்லையே.

இன்னொன்று: சாயங்காலம் பஸ் ஸ்டாப்புக்குக் காரைக் கொண்டுவா. வழியில் நின்றுவிட்டால் போன் பண்ணு, தள்ள வருகிறேன்.