சராசரியை யார் குடிக்கிறார்கள்?

3 மார்ச் 2025, திங்கள்
பொங்கலூர்ப் பக்கத்து ஊரின் தண்ணீர் முடிவுகள் வந்துவிட்டன. முப்பத்தாறு போர் கிணறுகளில் ஒன்று மட்டும் மோசம். பனியன் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீட்டு போர். ஆர்செனிக் நஞ்சு லிட்டருக்கு 62 மைக்ரோகிராம். எல்லை பத்து. எங்கள் லேப் மானேஜர் வேல்குமாருக்குக் கவலையே இல்லை. "சராசரி அஞ்சக்கூடத் தாண்டலீங்களே ஜுவைரியா. பாதுகாப்புன்னு எழுதிருங்க."

சராசரியை யார் குடிக்கிறார்கள்? பன்னிரண்டு குடும்பங்கள் அந்த 62-ஐக் குடிக்கின்றன. அறிக்கையில் அது வந்தால்தான் பஞ்சாயத்து அவர்களுக்குக் குழாய் இழுக்கும். மறுபடியும் மாதிரி எடுத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

6 மார்ச்
மாதிரி எடுக்கிற வாசிம் போய்விட்டு வந்தான்.

12 மார்ச்
மறுசோதனையில் ஆர்செனிக் ஒன்று! 62 எப்படி ஒன்றாகும்? வேல்குமார் சிரிக்கிறார். "மொதல்ல வந்தது தப்பு ரீடிங்குங்க. தூக்கிருங்க." தூக்கிவிட்டேன். கையெழுத்தும் போட்டேன். மறுசோதனை கேட்டதே நான்தானே?

13 மார்ச்
இன்றுதான் கண்ணில் பட்டது. உப்பும் 900-லிருந்து 60-க்கு இறங்கியிருக்கிறது. ஒரு தூறல்கூட இல்லை — கிணறு ஒரே வாரத்தில் திருந்திவிட்டதா? அது போர் தண்ணீரே இல்லை. வாசிமைப் பிடித்துக் கேட்டேன். வண்டியை விட்டு இறங்காமல், போனில் பேசிக்கொண்டே பாட்டிலை லைன் வீட்டு அம்மாவிடம் நீட்டினானாம். நோன்பு வைத்துக்கொண்டு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. கத்தினேன்.

15 மார்ச், சனி
நேரில் போனேன். அந்த அம்மா பெயர் சாரதாமணி. பனியன் செக்கிங் வேலை.

"ஏனுங் அம்மிணி, ஆபீஸ்காரங்க கேட்டா அந்த உப்புத் தண்ணியவா குடுக்கறது? விருந்தாடிக்குன்னு கேன் வாங்கி வெச்சிருக்கறமுங்க. அதுலதான் புடிச்சுக் குடுத்தனுங்க."

முகத்தில் எவ்வளவு பெருமை! நாங்கள் சோதித்தது அவருடைய மரியாதையை. போர் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானே ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

17 மார்ச்
அறிக்கையைத் திருத்தச் சொன்னேன். வேல்குமார் பதில்: "ரிப்போர்ட் போயாச்சுங்க. இனி மாத்துனா நம்ம பேருதான் கெடும்." தூ!

28 ஏப்ரல்
குழாய் வேறு தெருவுக்குப் போய்விட்டது. என் பாட்டிலை வெளி லேபில் கொடுத்திருந்தேன். 59. அந்தத் தாளோடு லைன் வீட்டுக்குப் போனேன். மோட்டார் ரூம் சுவரில் எங்கள் அறிக்கையை ஒட்டியிருந்தார்கள். நான் கொண்டுபோனதைச் சாரதாமணி ஏறிட்டும் பார்க்கவில்லை.

"நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கறீங்க, அப்பறம் என்னத்துக்குங்க பயம்? கேன் வாங்கறதையே நிறுத்திட்டமுங்க."

வெயிலில் வந்திருக்கிறேன் என்று உள்ளே போனார். சொம்பு நிறைய போர் தண்ணீரைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.