ஐந்து கிலோ கல், ஏழு மெயில்

மார்ச் 3, செவ்வாய்

பழக்கடைக்காரருக்கு மெயிலில் அனுப்பிய தராசுச் சான்றிதழ் இன்றும் போய்ச் சேரவில்லை. போன் செய்தேன். "வரலையேம்மா. நீங்க கடையை மூடிட்டீங்கன்னுல்ல உங்க கொழுந்தன் சொன்னாரு? அண்ணனுக்குக் கை நடுங்குதாமே, இனிமே தராசு வேலை பாக்க மாட்டாராமே?"

கை நடுங்குதாம்! பதினாறு வருஷம் அந்தக் கைதான் அவனுக்குச் சோறு போட்டது. திருப்புளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் வந்து நின்றவன்.

ஜனவரியில் பாகம் பிரித்தபோது கடையின் பழைய பெயர், அந்தப் பெயரில் இருந்த மெயில், வாடிக்கையாளர் பட்டியல் மூன்றும் அவனுக்குப் போயின. எங்களுக்குப் பட்டறையும் எடைக்கற்கள் பெட்டியும். தராசைச் சரிபார்க்கிறவர்களுக்கு அந்தக் கற்கள்தான் உயிர் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கே அவன் நம்பரை பிளாக் செய்தேன், வாசல்படி மிதிக்காதே என்றும் சொன்னேன். அதெல்லாம் போதாது. அவன் அனுபவிக்கணும்.

இவரிடம் சொன்னேன். டீயை மேஜையிலேயே வைத்து, குனிந்து உறிஞ்சிக்கொண்டு, "விடேன், சின்னப் பையன்" என்றார். சின்னப் பையனுக்கு நாற்பத்திரண்டு வயது.

மார்ச் 5, வியாழன்

நெட் வேலை பார்க்கும் ஒயர் அண்ணன் வந்தார். தோளில் எப்போதும் ஒரு சுருள் ஒயர் கிடக்கும், அதனால் அந்தப் பெயர். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து, பட்டறை மூலையில் வைத்து, "இனிமே உங்க மெயில் உங்க வீட்டுலேர்ந்தே போகும். யார் கையையும் எதிர்பார்க்க வேணாம்" என்றார். அதுதான் வேண்டும்.

வருகிற மெயில் வந்தது. போகிற மெயில் அசையவில்லை. நெட் கம்பெனிக்காரன் வெளியே போகும் வழியை அடைத்து வைத்திருக்கிறானாம். எழுதிக் கொடுத்தால்தான் திறப்பானாம்.

மார்ச் 6, வெள்ளி

எழுதிக் கொடுத்தேன். திறக்கவில்லை. திரும்ப எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 9, திங்கள்

வழி திறந்தது. மெயில் போனது. நேராக ஸ்பேம் பெட்டிக்குள்! பழக்கடைக்காரர் குப்பைக்குள் கையை விட்டு எடுத்தாராம், சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

ஒயர் அண்ணன் விளக்கினார். கடையின் பெயருக்கு ஒரு வரி எழுதிவைக்க வேண்டுமாம், இந்தப் பெயரில் மெயில் அனுப்ப இந்த மெஷினுக்கு மட்டும்தான் உரிமை என்று. வாங்குகிறவர்கள் முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பார்கள். அதில் இல்லாத மெஷினிலிருந்து வந்தால் சத்தமில்லாமல் ஸ்பேமில் தள்ளிவிடுவார்கள். கெடுபிடியான இடமாக இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"நம்ம வாசல் எப்படி?" என்று கேட்டேன்.

"எப்படி வேணும்?"

"கெடுபிடியா."

அந்த வரியை எழுதுவதற்காக, பெயர் பதிவு செய்யும் கணக்கைத் திறந்தேன். எங்கள் புதுப் பெயர் இருந்தது. அதற்கு மேலேயே பழைய கடையின் பெயரும் இருந்தது! பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான்தான் பதிவு செய்தேன். பாகம் பிரித்த அன்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அந்த மேதாவிக்கும் சேர்த்துத்தான். பாஸ்வேர்டு என்னிடம்.

ஒயர் அண்ணன் போகும்வரை காத்திருந்தேன். பழைய பெயரின் வரியில் அவனுடைய மெஷின் இருந்தது. அழித்தேன். மத்தியானம் மூன்று மணி, கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

எவ்வளவு குளுகுளு என்று இருக்கிறது! கடையை மூடிட்டாங்கன்னு சொன்னேல்ல? இப்ப உன் கடையை மூடினது யாரு?

மார்ச் 14, சனி

என் மெயில் நேராக உள்பெட்டிக்குப் போகிறது. இன்று ஆறு சான்றிதழ், ஆறும் சேர்ந்தன. மருந்துக்கடைக்காரர் போனில், "உங்க கொழுந்தன் விலைப்பட்டியல் அனுப்புறேன்னாரு, ஆளையே காணோம். நீங்களே வந்து பாத்துருங்க" என்றார். போனேன். வேலையும் கிடைத்தது. வரும் வழியெல்லாம் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

மார்ச் 19, வியாழன்

இரண்டு மளிகைக்கடை, ஒரு மீன்கடை. எல்லாம் அவன் பக்கம் போனவர்கள். "பதிலே போடறதில்லை"யாம். அடடா, பாவம்.

இவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். சின்னத் திருகாணிகளை என்னையே மாட்டச் சொல்கிறார். கண்ணாடியை மாற்றுங்கள் என்றேன். வேலை கூடிவிட்டது, ஆள் களைத்துப் போகிறார்.

மார்ச் 24, செவ்வாய்

மெயில் மெஷினின் பதிவேட்டைப் படிக்க ஒயர் அண்ணன் கற்றுக்கொடுத்தார். யார் யாருக்கு அனுப்பினார்கள், எத்தனை மணிக்கு, உள்ளே விட்டதா, திருப்பியதா. வரி வரியாக இருக்கிறது.

கொழுந்தன் எனக்கு ஏழு தடவை எழுதியிருக்கிறான். 11ஆம் தேதி, 12, 12, 15, 18, 21, 23. ஏழையும் என் வாசல் திருப்பி அனுப்பியிருக்கிறது. எனக்கே இது தோன்றவில்லை. அவன் வரியை ஊருக்கெல்லாம் அழித்தேன், அந்த ஊரில் நானும் இருக்கிறேனே.

என்ன எழுதினான் என்று பதிவேட்டில் இருக்காதாம். வாசலோடு சரி.

காலில் விழுகிறானா? விழட்டும். இன்னும் ஏழு தடவை விழட்டும்.

மார்ச் 25, புதன்

ஒருவேளை திட்டியிருந்தால்? திட்டுகிறவன் இரண்டு தடவையில் ஓய்ந்துவிடுவான். ஏழு தடவை யார் எழுதுவார்கள்? தனக்குப் பதில் வராது என்று தெரிந்தும்?

கேட்க மாட்டேன். செத்தாலும் கேட்க மாட்டேன்.

மார்ச் 26, வியாழன்

அவனிடம் கேட்கவில்லை. இவரிடம்தான், சாப்பிடும்போது, ஒரு குத்தலாகச் சொன்னேன்: "உங்க அருமைத் தம்பி எனக்கு ஏழு மெயில் எழுதியிருக்காரு. நான் ஒண்ணையும் உள்ள விடலை."

இவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனார். எடைக்கற்கள் பெட்டியைக் கொண்டுவரப் போனவர், அதைத் தூக்க முடியாமல் தரையோடு இழுத்து வந்தார். ஐந்து கிலோ கல்லைத் தொட்டுக் காட்டினார். அடி மூலையில் கறுப்பு பெயிண்ட் மட்டும் புதிதாக மினுங்கியது.

"போன டிசம்பர் கடைசியில என் கையிலேர்ந்து விழுந்துடுச்சு. மூலை பேந்துடுச்சு. பெயிண்ட் அடிச்சு மறைச்சேன்."

"எப்ப சொல்லணும்னு இருந்தீங்க?"

"அவன் பாத்துட்டான். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். நாம இன்னும் அந்தக் கல்லை வச்சே சான்றிதழ் குடுக்கிறோம்னு யாரோ சொல்லியிருக்காங்க. 'நீ சொல்றியா, நான் அண்ணிக்கு எழுதட்டுமா'ன்னான். நானே சொல்றேன்னேன்."

"சொன்னீங்களா?"

இரண்டு கையையும் மடியில் வைத்து ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்தும் நடுக்கம் நிற்கவில்லை. இத்தனை நாள் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்? குனிந்து டீ குடித்தார், அவசரம் என்று நினைத்தேன். கண்ணாடி என்று நினைத்தேன். பழக்கடைக்காரர் வாயாலேயே சொன்னாரே, அதற்கல்லவா நான் கத்தியைத் தூக்கினேன். ஐயோ, என் மனுஷா, என்கிட்ட சொல்லக்கூடாதா? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?

கடித்துத் தின்னுவேன்தான். அதனால்தான் சொல்லவில்லை.

மார்ச் 27, வெள்ளி

தபால் நிலையத்துப் பார்சல் தராசில் கல்லை வைத்துப் பார்த்தேன். எட்டு கிராம் குறைவு. ஜனவரியிலிருந்து நாங்கள் சரியாக்கிக் கொடுத்த தராசெல்லாம் அளவு குறைத்துக் கொடுக்கிறது. சோதனைக்கு வருகிறவர் பிடித்தால் மாட்டப் போவது கடைக்காரர்கள்.

பழைய பெயரின் வரியில் அவனுடைய மெஷினைத் திரும்ப எழுதினேன். பாகம் பிரித்த பிறகு அவன் தனக்குப் புதுக் கற்கள் வாங்கியிருந்தான். அவனுக்கு ஒரே வரி அனுப்பினேன்: "உன் ஐந்து கிலோ கல் வேண்டும்." பதில் பத்தே நிமிஷத்தில் வந்தது: "நாளைக்கு எடுத்துவரேன் அண்ணி. அண்ணனைத் தூக்க விடாதீங்க."

பிறகு கடைக்காரர்களுக்கு எழுதினேன். "நாங்கள் கொடுத்த சான்றிதழ் தவறு. அதை எடுத்துவிடுங்கள். தராசைக் கொண்டுவாருங்கள், கட்டணம் இல்லை." நாற்பத்தொரு மெயில். அனுப்பிவிட்டுப் பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சேர்ந்தது, சேர்ந்தது, சேர்ந்தது. ஒன்றாவது திரும்பி வராதா என்று இருந்தது. வரவில்லை. ஒயர் அண்ணன் வேலை சுத்தம்.

மார்ச் 28, சனி

வந்தான். வாசல்படிக்கு வெளியிலேயே கல்லை இறக்கி வைத்துவிட்டு நின்றான். "உள்ள வா" என்றேன். தம்பி கல்லை வைத்தான், அண்ணன் எண்ணைப் படித்தார், நான் எழுதினேன். மத்தியானத்துக்குள் ஒன்பது தராசு முடிந்தது.

"கடையை மூடிட்டோம்னு ஏன்டா சொன்னே?" என்று கேட்டேன்.

"கோவத்துல சொல்லிட்டேன் அண்ணி. தப்புதான்." டீயை ஊதிக்கொண்டே, "சொன்னதுக்கு எனக்கும் நல்லா கிடைச்சுது. உங்க மெஷின்தான் திருப்புதுன்னு பாத்தா, ரெண்டு வாரமா என் மெயில் எவனுக்குமே போய்ச் சேரலை. மூணு பேரை வச்சுப் பாத்துட்டேன், என்னன்னே புரியலை" என்றான்.

"இனிமே போகும்" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். நானும் பார்த்தேன். இவர் அடுத்த தராசைத் தூக்கப் போனார். அவன் எழுந்து போய் ஒரு பக்கத்தைப் பிடித்தான்.