இல்லாத விரலின் அரிப்பு

ஆகஸ்ட் 1971, சனிக்கிழமை

திருவொற்றியூர் பட்டறையில் இயந்திரம் என் இடது மோதிர விரலை எடுத்துக்கொண்டு சில மாதங்களாகின்றன. ஆனால் அந்த விரல் தினமும் அரிக்கிறது. சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்களோ என்று பயந்து, இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

இன்று மாலை தாங்க முடியாமல் என் மனைவி ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க அரிக்குது? காட்டுய்யா."

விரல் இருந்த இடத்தில் வெறும் காற்றைக் காட்டினேன். அங்கேயே நகத்தால் சொறிந்தாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றேன்.

அரிப்பு அடங்கிவிட்டது. அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

"அப்போ வெரலு கையில இல்ல, உன் மண்டைக்குள்ள கீது," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "மாதா கோயில்ல நான் போட்ட மோதிரம்? வெரலோட நசுங்கிப் போச்சே, அதுவும் அங்க கீதா?"

கண்ணை மூடிக் கவனித்தேன்.

"கீது. கல்யாணத்தன்னிக்கு மாதிரியே டைட்டா கீது."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

விரல் மனதில்தான் என்றால், அரிப்பு நின்ற சுகமும் மனதில்தானா? தெரியவில்லை. பயம் போய்விட்டது. தூக்கம் வருகிறது.