பதினான்காம் கட்டிலின் காலித் தட்டு

2/9 செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். வேங்கிக்காலிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். குதிகால் வலி.

வேலை: பெண்கள் சர்ஜரி வார்டு, 22 பேருக்கு எடை. மெஷினில் பாட்டரி இல்லை. லேபில் கெஞ்சி வாங்கினேன்.

சென்னையில் ஊட்டச்சத்துப் பயிற்சி முடித்து வந்து எட்டு மாதம். யார் இளைக்கிறார்கள், ஏன் இளைக்கிறார்கள் என்று பார்க்க இந்த ஆஸ்பத்திரிக்கே நான் ஒருத்திதான். மேல்கையில் டேப் சுற்றி அளப்பதால் டேப் சிஸ்டர் என்று பேர். வைத்தது ஆயா கஸ்தூரி அக்கா. "டேப் சிஸ்டர், எனக்கும் ஒரு ஜாக்கெட் தெச்சுக் குடேன்." தினமும் இதே ஜோக். தினமும் சிரித்துத் தொலைக்கிறேன்.

14ஆம் கட்டில், தனலட்சுமி, வயது 52, செங்கம் பக்கம். குடலில் ஓட்டை, ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள். எடை 47.5. போன வாரம் 46. அப்பாடா, ஒருத்தருக்காவது ஏறியதே. டேப் வைக்கவில்லை, நேரமில்லை. சாப்பாட்டுச் சார்ட்: தட்டு காலியாக வந்தது, 'முழுதும்' என்ற கட்டத்தில் டிக்.

4/9 வியாழன்

மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை.

14க்குத் தையல் ஓரம் நீர் கசிகிறது. சர்ஜன் எரிச்சலில் இருந்தார். "சாப்பிட்றாங்களா இல்லையா?" சார்ட்டைக் காட்டினேன். எல்லா வேளையும் முழுதும். "வெயிட்டும் ஏறியிருக்கு சார்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் போர்வையை விலக்கி, அந்தம்மா கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினார். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே.

நீர் கோத்த வீக்கம். ஏறியது சதை இல்லை. பயிற்சியில் முதல் வாரப் பாடம். அப்புறம்தான் டேப் சுற்றினேன். கை ஒன்றரை சென்டிமீட்டர் இளைத்திருக்கிறது. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வாங்க: பாட்டரி, ரவை, பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ், குதிகால் வலிக்கு ஏதாவது.

5/9 வெள்ளி

மதியம் நான் சாப்பிடப் போகவில்லை. மருந்து அலமாரி ஓரமாக நின்று 14ஐப் பார்த்தேன்.

அந்தம்மா புருஷன் ஏழுமலை, கொத்தனார். பன்னிரண்டு நாளாக வேலைக்குப் போகாமல் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறார். தலை வாரி விடுகிறார், பேப்பரால் விசிறுகிறார். "குடுத்து வெச்சவ" என்று வார்டே பேசுகிறது. தட்டு வந்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார். முட்டையை எடுத்து டப்பாவில் போட்டார். சாம்பார் ஊற்றின சோற்றையும் டப்பாவிலேயே தள்ளினார். வெறும் சோற்றில் மிளகு ரசம் ஊற்றிக் கரைத்து நாலு வாய் ஊட்டினார். மிச்சம், டப்பாவில் இருந்தது எல்லாம் அவர் சாப்பிட்டார். தட்டைக் கழுவிக் கொடுத்தார்.

ஆபரேஷனுக்குப் பிறகு சோறு கொடுக்கத் தொடங்கியதிலிருந்தே இப்படித்தான். நான் டிக் போட்ட அத்தனை வேளையும்.

"இன்னாங்க இது?"

"தையல் போட்ட ஒடம்பும்மா. முட்ட, பருப்புலாம் குடுத்தா சீழ் வெச்சிக்கும். பத்தியமாத்தான் பாத்துக்கிறேன். அன்னத்த கொட்டக்கூடாதுன்னு நான் துன்னுட்றேன்."

நான் கொடுத்த புரதப் பவுடர் டப்பா பையில் அப்படியே இருந்தது, சீல் பிரிக்காமல். "அது சூடும்மா."

வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். எனக்குச் சிசேரியன் ஆனபோது நாற்பது நாள் பூண்டு ரசம்தான். மாமியார் போட்டதைத் தின்றேன். அப்போதும் நான் நர்ஸ்தான்.

உட்கார வைத்துச் சொன்னேன். முட்டை, பருப்பு, பால் இல்லாவிட்டால் வெட்டின இடம் ஒட்டாது, காலிலும் நீர் கோக்கும். அவர் கேட்டார்: "கலவ இல்லாத கல்லு அடுக்கின மாதிரிங்களா?" ஆமாம் என்றேன். சாயங்காலம் முட்டையை அவரே உரித்தார். அந்தம்மாவுக்குப் பாதிதான் இறங்கியது. வாந்தி.

7/9 ஞாயிறு

பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். நடந்தே வந்தேன். வழியில் மூன்று இடத்தில் புளியோதரைப் பொட்டலத்தைக் கையில் திணித்தார்கள். இந்த ஊரில் யாரும் பசியோடு படுப்பதில்லை என்பார்கள். வார்டுக்கு வந்து பார்க்கட்டும்.

14: விடியற்காலை தையல் நாலு விட்டுவிட்டது. சீழ்.

டாக்டர்: "இப்ப தெச்சாலும் நிக்காது. ஒடம்புல ஒண்ணுமே இல்ல. டியூப்ல குடுங்க, ரெண்டு வாரம் தேத்துங்க. அதுக்குள்ள கிருமி ரத்தத்துல ஏறாம இருக்கணும்."

மூக்கு வழியாக டியூப் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் அதுவே ஆபத்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நானே பார்த்தேன். ஜுரம் 101. எனக்குப் பயமாக இருக்கிறது.

பொட்டலம் பையிலேயே ஊசிப்போனது.

8/9 திங்கள்

ஜுரம் 100.4. டியூப் பால் தங்குகிறது. வாந்தி இல்லை. சார்ட்டில் 'தட்டு' என்ற தலைப்பை அடித்துவிட்டு 'கண்ணால் பார்த்தது' என்று எழுதி வைத்தேன். கஸ்தூரி அக்காவிடமும் சொன்னேன். இன்று ஜாக்கெட் ஜோக் இல்லை.

ஏழுமலையைக் கட்டில் பக்கம் காணோம். குழாயடியில் நின்றிருந்தார். ஷேவ் செய்யாத முகம். என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

"நான்தானம்மா அவள இந்த கதிக்கு ஆளாக்கினேன்? கேட்டா டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்றாரு. நீங்க சொல்லுங்க."

எத்தனையோ பேருக்கு எத்தனையோ ஆறுதல் சொல்லியிருக்கிறேன். இவருக்கு வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். நீங்க ஊர்ல சொன்னத செஞ்சீங்க. சாப்பிட்றாங்களான்னு பாக்கறது என் வேலை. இத்தன நாளா காலித் தட்ட மட்டும் பாத்து டிக் போட்டேன். மொத நாளே பாத்திருந்தா இது நடந்திருக்காது. தப்பு என்னுதுங்க.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் மனசு நோவக்கூடாதுன்னு பழிய நீங்க ஏத்துக்கிறீங்களேம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

இல்லை என்று இன்னொரு தரம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.