நாலு நிமிடம் பத்து விநாடி

மார்ச் 4

இன்று என் கட்டிலுக்குப் பெயர் வைத்தார்கள். 'கடல் கூடு'. வைத்தவர் வெள்ளைச்சட்டை, எங்கள் வடிவமைப்பு அலுவலகத்தின் தலைவர். வாரம் முழுக்க வெள்ளைச் சட்டைதான், ஒரு கறை கிடையாது. வேலை செய்கிறவன் சட்டை அப்படியா இருக்கும்?

புதிதாகக் கட்டப்போகும் உல்லாசக் கப்பலில் பால்கனி இல்லாத அறைகள் நானூற்றிருபது. யாரும் விரும்பி எடுக்காத அறைகள். ஏதாவது செய்யுங்கள் என்று கப்பல் கம்பெனி கேட்டது. அறை நடுவில் நிற்கும் கட்டிலை நான் ஜன்னலோடு ஒட்டிப் போட்டேன். தலைமாட்டில் சுவர், கால்மாட்டில் அலமாரி, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கு வெளியே கடல். நாலாவது பக்கம் மட்டும் திறப்பு. படுத்தால் தண்ணீர்மேல் படுத்த மாதிரி இருக்கும். மிச்சமான தரையில் ஒரு சோபாவுக்கும் இடம் வந்துவிட்டது.

"யாருப்பா இதை யோசிச்சது?" என்றார் வெள்ளைச்சட்டை. நான் இங்கே சேர்ந்து மூன்று வருடம். இன்றுதான் என் முகத்தைப் பார்த்தார்.

மார்ச் 19

கிடங்கில் மாதிரி அறை எழுந்துவிட்டது. அசல் அளவு, அசல் மெத்தை, அசல் விளக்கு. ஜன்னலுக்கு வெளியே கடல் மட்டும் படம். கப்பல் கட்டுவதற்கு முன்னால் இப்படி ஒரு அறையைக் கட்டி, கம்பெனிக்காரர்களைப் படுக்க வைத்து, உருட்டிப் பார்த்து, பிறகுதான் நானூற்றிருபதுக்கும் சம்மதம் வாங்குவார்கள்.

அறையைக் கட்டிய தச்சர் கட்டிலைச் சுற்றி வரப் பார்த்தார். சுற்ற முடியவில்லை.

"தம்பி, அந்தப் பக்கம் விரிப்பை யாரு சொருகுவா? மீனா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். "அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க அண்ணே" என்றேன்.

அவங்க. யார் அவங்க? எழுதும்போதுதான் உறைக்கிறது.

மார்ச் 27

அக்கா விடுப்பில் வந்திருக்கிறாள். இதே கம்பெனியின் வேறொரு கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். பதினோரு வருடம். அப்பா போன அடுத்த மாதம் நான் படிக்க வேண்டும் என்று கப்பலேறியவள். பதினெட்டு அறைகள்; காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று.

வந்ததிலிருந்து தூங்குகிறாள். எழுந்ததும் தன் படுக்கையை இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகிறாள். "இங்கயுமாடி?" என்று அம்மா கத்துகிறாள். "கை கேக்க மாட்டேங்குதும்மா."

என் வரைபடத்தை அவளிடம் காட்டவில்லை. அலுவலக ரகசியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சாக்கு.

ஏப்ரல் 8

நாளை மறுநாள் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரும் படுத்து எழுந்த பிறகு கட்டிலைச் சரிசெய்ய ஒரு ஹோட்டல் பணியாளரைச் சொல்லியிருந்தோம். அவருக்குக் காய்ச்சலாம். வெள்ளைச்சட்டை கையைப் பிசைந்தார்.

"எங்க அக்கா இருக்காங்க சார். கப்பல்லயே இதான் வேலை."

வாய் முந்திக்கொண்டது. எதற்காகச் சொன்னேன்? உதவியா? இல்லை, அக்காவுக்கு என் கட்டிலைக் காட்டவேண்டும் என்ற ஆசையா? இரண்டாவதுதான். பொய் சொல்ல இந்த நோட்டு எதற்கு.

ஏப்ரல் 10

எல்லாம் நன்றாக நடந்தது. ரொம்ப நன்றாக.

அக்கா தன் சீருடையை இஸ்திரி போட்டு அணிந்து வந்தாள். நான் சொல்லவே இல்லை. மாதிரி அறையின் வாசலில் நின்று கொஞ்சநேரம் கட்டிலையே பார்த்தாள்.

"நீயா வரைஞ்சே?"

"ஆமா."

"ஜன்னல் அழகா இருக்குடா."

ஜன்னலைத்தான் சொன்னாள். கட்டிலைச் சொல்லவில்லை. அப்போது கவனிக்கவில்லை.

கம்பெனியிலிருந்து ஆறு பேர். படுத்தார்கள், புரண்டார்கள், ஒருவர் குறட்டை விடுவது போல நடித்தார். எழுந்ததும் அக்கா உள்ளே போனாள். செருப்பைக் கழற்றினாள். மெத்தைமேல் முழங்காலிட்டுத் தவழ்ந்து ஜன்னல் பக்கம் போனாள். ஒரு கையால் மெத்தையின் மூலையைத் தூக்கி, மறு கையால் விரிப்பை உள்ளே சொருகினாள். இடம் இல்லாததால் கன்னம் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. இரண்டாவது மூலை. பிறகு தன் முழங்கால் தடத்தைத் தானே தடவி அழித்துக்கொண்டு பின்பக்கமாக நகர்ந்து இறங்கினாள். மேல்போர்வை, நாலு தலையணை. ஒரு சுருக்கம் இல்லை. என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினாள், எப்படி என்கிற மாதிரி.

ஆறு பேரில் ஒருவர் போனைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். கடிகாரக்காரர் என்று வைத்துக்கொள்வோம். "நாலு நிமிஷம் பத்து செகண்ட்" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

திரும்பும்போது பேருந்தில் முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"எப்பவும் இவ்ளோ வேகமாவா செய்வே?"

"பைத்தியமா? உன் ஆளுங்க முன்னாடி உன் மானம் போகக்கூடாதுன்னு செஞ்சேன். இப்படிப் பதினெட்டு செஞ்சா என்னை வாரித்தான் எடுக்கணும்."

ஏப்ரல் 11

தூக்கம் வரவில்லை. அந்தக் கன்னம்.

ஏப்ரல் 22

கட்டிலுக்கு அடியில் தண்டவாளம் வைத்து வரைந்தேன். ஒரு அடி வெளியே இழுத்தால் ஜன்னல் பக்கம் ஒரு ஆள் நிற்கலாம். விரித்து முடித்துத் தள்ளிவிட்டால் பழையபடி கூடு. கப்பல் ஆடினால் ஓடாமலிருக்க ஒரு பூட்டு. பயணிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தச்சர் பார்த்துவிட்டு, "இப்பதான் தம்பி இது கட்டில்" என்றார்.

வெள்ளைச்சட்டையின் மேசையில் வைத்துவிட்டேன்.

மே 3

கூட்டம். கடிகாரக்காரரும் வந்திருந்தார். தண்டவாளம் என்றால் எடை கூடும், பூட்டு என்றால் ஒருநாள் கெடும், இப்படி வரிசையாகச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

கடைசியில் நான், "சார், அதை விரிக்கறவங்க இடுப்பு ஒடிஞ்சுரும்" என்றேன்.

கடிகாரக்காரர் தன் தாளைத் திருப்பிப் பார்த்தார். "நாலு பத்துல முடிஞ்சுதே. சாதாரணக் கட்டிலுக்கே அஞ்சு நிமிஷம் குடுக்கறோம். இது இன்னும் சுலபம்னுதானே அர்த்தம்?"

"அது ஒரு தடவை. வேகமா—"

"உங்க அக்காதானே செஞ்சாங்க?" என்றார் வெள்ளைச்சட்டை. சிரித்துக்கொண்டே.

என் வாயை அடைக்க என் வீட்டிலிருந்தே துணி எடுத்துக் கொடுத்திருக்கேன்.

அந்த ஆறு பேரில் ஒருத்தனாவது ஒரு தடவை, ஒரே தடவை, அந்தக் கட்டிலை விரித்துப் பார்த்திருப்பானா? படுத்துப் பார்த்தார்கள். வசதியை அளக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி படுப்பது. நான் மட்டும் என்ன? வரைந்து முடித்த அன்று நானும் தரையில் படுத்துத்தான் பார்த்தேன்.

மே 5

நானூற்றிருபதுக்கும் சம்மதம் வந்துவிட்டது. எனக்கு ஒரு படி உயர்வு. அம்மா இனிப்பு வாங்கி வரச் சொன்னாள். கடை மூடியிருந்தது என்று பொய் சொன்னேன்.

செப்டம்பர் 2

ஒரு வருடத்துக்கு மேலாக இந்த நோட்டைத் தொடவில்லை. எழுத என்ன இருந்தது? வேறு கப்பல்களுக்குக் குளியலறை வரைந்தேன்.

கூடு வைத்த கப்பல் போன மாதம் கடலுக்குப் போனது. அக்காவை அதற்கே மாற்றியிருக்கிறார்கள். போகும்போது, "என் தம்பி வரைஞ்ச ரூம்னு எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்" என்றாள். 'சொல்லாதே' என்று தொண்டைவரை வந்தது.

செப்டம்பர் 30

அக்கா போன் செய்தாள். அவளுக்குப் பதினெட்டு அறையும் கூடு. ஒரு கட்டிலுக்கு நாலு நிமிடம் பத்து விநாடி என்று எழுதி, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்களாம். தாண்டினால் மேற்பார்வையாளர் குறித்துக்கொள்வார். மூன்று தடவை குறித்தால் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

"இங்க ஒருத்தியைத் தினமும் திட்டறோம்டா. 'நாலு பத்து'ன்னு பேரு. யாரோ ஒரு மகராசி இவ்ளோ வேகமா செஞ்சு காட்டிட்டுப் போயிட்டாளாம். அவ கை உளுத்துப் போகணும்னு காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

"நீயுமா திட்டறே?"

"நான்தான் சத்தமா திட்டறேன்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 11

என் கட்டிலுக்கு விருது. 'பயணியின் உறக்கத்தை மறுசிந்தனை செய்த வடிவமைப்பு' என்று பட்டயத்தில் எழுதியிருக்கிறது. மேடையில் வாங்கியது வெள்ளைச்சட்டை. விருந்தில் என் தோளைத் தட்டினார். தட்டட்டும். பட்டயத்தின் பிரதி ஒன்றை எனக்கும் கொடுத்தார்; அதை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 17

கப்பலில் அக்கா தங்கும் அறையில் எதிர்ப் படுக்கையில் இருந்தவளை வேலையிலிருந்து எடுத்து இறக்கிவிட்டார்கள். ஏழு நிமிடத்துக்குக் கீழே அவளால் வரவே முடியவில்லையாம். வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெட்டி கட்டும்போது 'நாலு பத்து'வைத் திட்டிக்கொண்டே கட்டியிருக்கிறாள். அக்கா பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுத்திருக்கிறாள்.

"சொல்லிட்டேன்டா" என்றாள் அக்கா போனில்.

"என்னன்னு?"

"நான்தான் அதுன்னு."

"ஏன்க்கா சொன்னே?"

"அவ துணியை மடிச்சுக்கிட்டே எப்படிடா சும்மா இருக்கறது?"

சாப்பாட்டு மேசையில் இப்போது தனியாகத்தான் உட்காருகிறாளாம். உன்னைப்பற்றிச் சொல்லவில்லை, கவலைப்படாதே என்றும் சொன்னாள். கவலைப்படாதே! ரெண்டு பேர் சேர்ந்து செஞ்சதுக்கு அவ ஒருத்தி மட்டும் தனியா உக்காந்து சாப்பிடறா. நான் இங்க விருதுக்குமேல துணி அடுக்கி வெச்சிருக்கேன். தூ.

மார்ச் 6

அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதுகு. கப்பல் மருத்துவர் 'ஓய்வு' என்று ஒரே சொல் எழுதியிருக்கிறார். காலம் எழுதவில்லை.

இடுப்புப் பட்டையோடு படியேறி வந்தாள். ஒவ்வொரு படியிலும் நின்றாள். அம்மா பையை வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 20

இப்போதெல்லாம் எழுந்ததும் படுக்கையைச் சரிசெய்வதில்லை. அம்மா செய்கிறாள். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

மே 14

இதே கம்பெனி இரண்டாவது கப்பல் கட்டுகிறது. அதே கட்டில், இன்னும் நாலு அங்குலம் அகலம். அகலம் கூடினால் ஜன்னல் பக்கம் இன்னும் தூரம். மாதிரி அறை தயார். புதிதாக நேரம் அளக்க வேண்டுமாம்.

"உங்க அக்கா வருவாங்களா?" என்றார் வெள்ளைச்சட்டை. "அவங்க கை ரொம்ப ராசி."

அவர் முகத்தில் குத்தியிருக்க வேண்டும். "கேட்டுப் பாக்கறேன் சார்" என்றேன்.

மே 15

கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் வேறொருத்தியைக் கூட்டி வந்தால் அவளும் யாருக்காகவோ வேகமாகச் செய்துவிடுவாளோ என்ற பயம்.

அக்கா யோசிக்கவே இல்லை. "வர்றேன்."

"உன் முதுகு—"

"ஒரு கட்டில்தானேடா. இந்தத் தடவை ஆமை மாதிரி செய்றேன். பத்து நிமிஷம் போட்டு வைக்கறேன் பாரு. அந்தப் பொண்ணுங்களுக்கு அந்த நேரமாவது கிடைக்கட்டும்."

பல மாதங்களுக்குப் பிறகு ஒரு புருவத்தைத் தூக்கினாள். இரண்டு பேரும் திருடர்கள் மாதிரிச் சிரித்தோம். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மே 21

காலையில் சீருடையை நான்தான் இஸ்திரி போட்டேன். பட்டையை உள்ளே கட்டிக்கொண்டாள், வெளியே தெரியாமல்.

கிடங்கில் அதே கடிகாரக்காரர். அக்கா செருப்பைக் கழற்றினாள். முழங்காலிட்டாள். தவழ்ந்தாள். பாதியில் நின்று மூச்சு வாங்கினாள். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன். மூலையைத் தூக்கினாள், நழுவவிட்டாள், மறுபடி தூக்கினாள். கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டாள். உள்ளங்கை ஈரம் அப்படியே பதிந்தது. தச்சர் ஒரு அடி முன்னால் வந்தார். நான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன். கெடுத்துவிடாதீர்கள் அண்ணே என்று மனசுக்குள்.

இறங்கும்போது தன் முழங்கால் தடத்தை அழிக்கவில்லை.

"ஒன்பது இருபது" என்றார் கடிகாரக்காரர். தாளில் எழுதவில்லை. வெள்ளைச்சட்டையிடம் தணிந்த குரலில், ஆனால் எங்களுக்குக் கேட்கும்படியாக, "வயசாயிருச்சு. இதைக் கணக்குல எடுத்துக்க முடியாது. வேற இளசா யாரையாவது பாருங்க. அதுவரைக்கும் பழைய நேரமே இருக்கட்டும்" என்றார்.

அக்காவுக்கு முப்பத்தைந்து.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான்தான் தாங்காமல், "போகட்டும்க்கா. நேரத்தை நல்லாத்தான் இழுத்தே, ஒன்பது இருபது. அவனுங்களே நம்பிட்டானுங்க" என்றேன்.

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் இழுக்கலைடா. உள்ள போனதும் மறந்துபோச்சு. கை வேகமாத்தான் செஞ்சுச்சு. அவ்ளோதான் வந்துச்சு."

மே 22

இரண்டாவது கப்பலின் வரைபடம் என் மேசையில் இருக்கிறது. மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டம் காலி. நாளைக்குள் கையெழுத்து வேண்டுமாம். இன்று போடவில்லை. நாளை கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. தண்டவாளம் வைத்த பழைய தாளை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வீட்டில் அக்காவின் கட்டிலைச் சுவரிலிருந்து இரண்டு அடி இழுத்துப் போட்டேன், அம்மா எல்லாப் பக்கமும் நின்று விரிக்கும்படி. இப்போது அறைக்குள் நடக்க இடமில்லை. பக்கவாட்டில் நகர்ந்துதான் போகிறோம்.