கிருமிக்கு வார்த்த இறைச்சிச் சாறு

என் சின்னத் தங்கமே றீற்றா,

சண்டையில் கடற்கரையை விட்டு மல்லாவி முகாமுக்கு ஓடிவந்த பிறகு நாங்கள் இறைச்சியைக் கண்ட நாட்கள் குறைவு. ஒருநாள் மாடு அடித்தவர்கள், நீ ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவள் என்று, உனக்கு எலும்பிறைச்சியும் பித்தப்பையும் தந்தார்கள். காய்ச்சலில் கிடந்து எலும்பும் தோலுமாய் எழும்பியிருந்த என் சின்ன மகள் அடுப்படியை விட்டு அசையவில்லை. நீயோ சாற்றை வடித்து, பித்தம் சேர்த்து, பால்மாவைக் கரைத்துத் திரித்து வடித்த தெளிவும் விட்டு, குப்பிகளில் அடைத்து அவித்தாய்.

"பிள்ளைக்கு இல்லாத சாறு கிருமிக்கோடி?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. அது வளந்தாத்தான் எங்கடை முகாம் கிணத்துக்கை இருக்கெண்டு தெரியும். பித்தத்துக்கை மற்றக் கிருமியள் தப்பாது. குடல் கிருமிதான் தப்பும்."

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். நீ கிருமியை அல்லவா ஊட்டி வளர்த்தாய்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாய் ஆறவில்லை.

கரண்ட் இல்லாத ஊரில் கிருமி வளரக் குப்பிக்குச் சூடு வேண்டும் என்று, கிணற்றுத் தண்ணீர் விட்ட குப்பியை வயிற்றோடு துணியால் கட்டிக்கொண்டு திரிந்தாய். படுத்தால் அது சரிந்துவிடும் என்று கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டாய். பக்கத்துக் கொட்டில் பெண்கள், "எத்தினை மாசம் பிள்ளை?" என்று பகிடி பண்ணினார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

குப்பிக்குள் கவிழ்த்து வைத்த சின்னக் குழாயில் வாயு கட்டினால் கிருமி வளர்ந்துவிட்டது, அந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கக் கூடாது. அது எனக்கும் பாடமாகிவிட்டது.

மாரி மழைக்குப் பிறகு முகாமில் காய்ச்சல் பரவியது. உன்னையும் பிடித்தது. என்ன காய்ச்சல் என்று அறிய, டொக்டர் உன் இரத்தத்தைச் சாற்றில் விட்டுப் பார்க்கலாம் என்றார். "ஒரு குப்பிதான் கிடக்கு டொக்டர். மருந்து வராத வருத்தத்துக்குப் பேர் தெரிஞ்சு என்ன செய்யிறது? அதைக் கிணத்துக்கு வையுங்கோ" என்றாய். பாதைத் தடையால் மருந்துப் பெட்டிகள் வவுனியாவைத் தாண்டி வரவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

பிறகு என்னைக் கூப்பிட்டாய். "என்ரை உடம்பு இப்ப அதுக்குச் சூடு கூட, அக்கா. நீங்கள் கட்டுங்கோ."

கட்டினேன். வாயு கட்டியது. கிணற்றை மூடினார்கள். அந்தக் கிழமையே உன்னையும் அடக்கம் செய்தோம்.

நீ நினைத்தது பிழையாய் இருந்திருந்தால், றீற்றா? அது எங்களிடம் மருந்து இருந்த வேறொரு காய்ச்சலாய் இருந்திருந்தால்? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்போது கிணற்றை இறைத்துக் கழுவியாயிற்று. "தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு, அள்ளட்டோ?" என்று சனம் வாளியோடு வந்து நிற்கிறது. உன் இடத்தில் வேலை செய்யும் பிள்ளையிடம் சாறு இல்லை. நேற்று யாரோ எனக்குக் கொஞ்சம் எலும்பும் பித்தப்பையும் தந்தார்கள். காய்ச்சினேன். சின்னவள் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பொறு பிள்ளை" என்று முதலில் குப்பிக்கு வார்த்து, நீ செய்தபடியே பித்தமும் தெளிவும் சேர்த்தேன். மிஞ்சியதைக் குடித்துவிட்டு, காணாது, இன்னும் வேணும் என்று அழுதாள். நானும் அழுதேன்.

வாயு கட்டாத குப்பியை என் கண்ணால் காணும்வரை அந்தக் கிணற்றில் ஒருவரையும் அள்ள விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

வயிற்றில் குப்பியைக் கட்டிக்கொண்டு, கதிரையில் இருந்து எழுதும்
உன் அக்கா