ஒரு வெடியும் வைக்காத கப்பல்

அண்ணை, கடற்கரையில் காரை நிறுத்திப் பின்பெட்டியைத் திறந்ததும் கடல் பக்கமிருந்து துருவும் கடற்பாசியும் கலந்த மணம் வந்தது. உங்கள் கப்பலின் மணம். கிரெய்கிபர்ன் வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் உங்களைக் கொண்டுவந்திருக்கிறேன், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் சாம்பலாக. "என்னை அந்தக் கப்பலடியில கரைச்சுவிடு" என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக் கேட்டீர்களே.

கரைக்குச் சற்றுத் தள்ளி அது கிடக்கிறது. ரஷ்யன் வருவான் என்ற பயத்தில், அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கட்டுவித்த இரும்புக் கவசப் போர்க்கப்பல். காலமெல்லாம் மெல்பேர்ன் துறைமுகத்தைக் காத்தது. எதிரி வரவேயில்லை. கிழடானதும் பழைய இரும்புக்கு விற்று, கழற்றக்கூடியதைக் கழற்றிவிட்டு, மிச்சத்தை அலைதடுப்பாக இங்கே தாழ்த்தினார்கள். இப்போது நீர்க்காகங்கள் அதன்மேல் எச்சமிடுகின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை இங்கே கூட்டிவந்து, மடக்குக் கதிரையை விரித்து இருந்துகொண்டு சொல்வீர்கள்: "சண்டையில ஒரு வெடியும் வைக்கேல்லை. ஆனா ஒருத்தனும் உள்ள வரேல்லை, பாத்தியே?" தாய் தகப்பன் இல்லாத தங்கையைக் கட்டிக் காத்த பெருமை அது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருத்தன் வந்தான், அண்ணை. என்னோடு வேலை செய்த ரவி தாயையும் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்தான். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். "அவளுக்கு இதில விருப்பமில்லை" என்று நீங்கள் வாசலில் சொன்னது கேட்டது. நான் தட்டோடு ஓடி வருவதற்குள் கதவைச் சாத்திவிட்டீர்கள். அவர்களுக்கு ஊற்றியதையும் நீங்களே எடுத்துக் குடித்தீர்கள்.

"சீனி காணாது" என்றீர்கள்.

மறுநாள் வேலையிடத்தில் ரவியிடம் உண்மையைச் சொல்லப் போனேன். "அம்மாவை வாசலோட அனுப்பினாப் பிறகு என்ன கதை?" என்றான். அதன்பிறகு வேறு ஒருவரும் வரவில்லை. உங்களுக்குச் சமைத்தேன், உடுப்புத் தோய்த்தேன், கடைசியில் குளிப்பாட்டியும் விட்டேன். உங்களில் எனக்கிருந்த வெறுப்பு ஒருநாளும் குறையவில்லை.

இன்று மூடியைத் திறந்தேன். அலைகள் கப்பலில் மோதி அடங்க, அதன் பின்னால் சின்னப் படகுகள் ஆடாமல் நின்றன. அது அதற்காவது உதவுகிறது. உங்களை அதனருகில் விட மனம் வரவில்லை. மூடியை இறுக்கி, பின்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

வீடு திரும்பும் வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நீங்கள் சறுக்கிப் போய் இடிபடுவது கேட்டது. இனிப் போகுமிடமெல்லாம் உங்களைக் கொண்டுதான் திரிவேன். பயப்படாதீர்கள் அண்ணை, பத்திரமாக வைத்திருப்பேன். ஒருத்தரும் உள்ளே வரமாட்டார்கள். நீங்களும் வெளியே போகமாட்டீர்கள்.